பழைய வரப்புகளைத் தேடி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவன் நான். "கோவில் மேடையிலும் பூகோளமா?" என்று செயலாளர் சிரித்தார். நம் கோவிலின் பின்புற எல்லை எது என்று சென்ற ஆண்டு சிக்கல் எழுந்ததே, அதனால்தான் பேசுகிறேன்.

1886இல் பம்பாயில் பிறந்த கிராஃபோர்டு என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து நோட்டமிடும் பணியில் இருந்தவர். 1920இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அதிகாரியானார். 1922இல் விமானப்படை எடுத்த படங்கள் சில அவர் பார்வைக்கு வந்தன. ஹாம்ப்ஷர் வட்டாரத்து நிலங்களில் கட்டம் கட்டமாகக் கோடுகள்! ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டும் அதற்கு மேலும் பழமையான வயல் வரப்புகள் அவை. அவ்வழியே நடந்தவர்களுக்கு அவற்றின் முழு உருவம் பிடிபட்டதில்லை. கோலத்தின் மேல் ஊரும் எறும்புக்குக் கோலம் தெரியுமா?

வெயில் சாயும் நேரத்தில் அரையடி மேடும் நிழல் காட்டும். தூர்ந்துபோன வாய்க்காலில் ஈரம் தங்குவதால், வறட்சியில் அதன் மேல் மட்டும் பயிர் பச்சையாக ஓங்கி நிற்கும். புதைந்த கல்சுவரின் மேல் பயிர் குன்றிவிடும்.

படம் மட்டும் போதாது, பழைய வரைபடமும் வேண்டும். லாக்ஸ்டன் என்ற ஊருக்கு மார்க் பியர்ஸ் 1635இல் வரைந்தது இன்றும் இருக்கிறது. யாருக்கு எந்தத் துண்டு நிலம் என்பதை அதில் பார்க்கலாம். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் இத்தகைய துண்டுகள் பல, எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்டாற்போல் வளைந்திருக்கும். எட்டு எருதுகள் பூட்டிய ஏரைக் கோடியில் திருப்ப இடம் வேண்டும் அல்லவா? பிற்காலத்தில் வேலி போட்டவர்களும் பல இடங்களில் அந்த வளைவை ஒட்டியே போட்டார்கள்.

நம் கதைக்கு வருகிறேன். தோட்டக் காலத்தில் எழுந்த கோவில் நம்முடையது. 'பழைய கான் வரை நம் இடம்' என்பார்கள் பெரியவர்கள். கான் தூர்ந்து எத்தனையோ ஆண்டாயிற்று. அண்டை நிலத்தார் கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை, தலைகுனிந்து நின்றோம். பிறகு, காலஞ்சென்ற ஒரு கிராணியார் வீட்டுப் பெட்டியில் தோட்டத்துப் பிளான் ஒன்று கிடைத்தது. சங்கிலிக் கணக்கில் அளந்தது. கான் அதில் தெளிவாக ஓடுகிறது. ஆனால் கான் எங்கே ஓடியது என்பதற்குத்தான் அது சாட்சி. பிளான் கிராண்டு ஆகிவிடாது. நில அளவையாளரிடம் கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் தோட்டத்துப் பிளான், பழைய திருவிழாப் படம், வரி ரசீது ஏதும் இருந்தால், கறையான் அரிப்பதற்குள் அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.