ஊசி போட்டும் நோய் வந்தது ஏன்?

(ஓசூரை அடுத்த கிராமக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



"இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டோம், பிறகும் கொரோனா வந்ததே, பயன் என்ன?" என்று இன்றளவும் எங்களைக் கேட்கிறீர்கள். குறை உங்களுடையது அன்று. 2021 ஆம் ஆண்டில் வீடு வீடாக வந்து, "ஊசி போட்டால் நோய் அண்டாது" என்று அவசரத்தில் சொல்லிப் போனவர்கள் நாங்கள்தாம். மகனுக்கு ஊசிக்குப் பின்னும் காய்ச்சல் கண்டதைப் பார்த்த முதியவர் ஒருவர், எங்கள் சொல் பொய்த்ததென்று தாம் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். அடுத்த தையில் அவர் இல்லை. அந்த அரைகுறைச் சொல்லை இன்று திருத்திச் சொல்ல வந்திருக்கிறோம்.

2020 மே மாதத் தொடக்கம் வரை, தமிழ்நாட்டில் கொரோனா புகாதிருந்த ஒரே மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. அந்தப் பெருமை நிலைக்கக் கூடியதன்று. ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. சிப்காட் தொழிலாளரும் தக்காளி வண்டிகளும் நாள்தோறும் கடக்கும் எல்லை இது. இந்தியாவில் ஒமைக்ரான் முதன்முதல் கண்டறியப்பட்டதாக 2021 டிசம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்டதும் பெங்களூரில்தான்.

ஒமைக்ரானை விளங்கிக்கொள்ளக் கோமாரியை நினைத்துப் பாருங்கள். (மாட்டோடு மனிதரை ஒப்பிடுகிறாரே என்று தாய்மார்கள் சிரிப்பது தெரிகிறது, பொறுத்தருள்க.) கோமாரி வைரஸில் ஓ, ஏ, ஏசியா-1 என்னும் வகைகள் நம் நாட்டில் உண்டு. ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புச் சக்தி மற்றொன்றைத் தடுக்காது. ஆகவே மூன்றுக்கும் சேர்த்தே ஊசி போடுகிறார்கள். சக்தி நாளடைவில் குறைவதால் ஆறு மாதத்திற்கொரு முறை மீண்டும் போடுகிறார்கள். போன ஊசி வீண் என்று கால்நடை மருத்துவரை எவரும் திருப்பியனுப்புவதில்லை.

கொரோனா வைரஸின் மரபுச் செய்தி ஏறக்குறைய 30,000 எழுத்துக்கள் கொண்டது. வைரஸ் பெருகுந்தோறும் அதற்கு நகல் எடுக்கப்படுகிறது. பத்திரம் நகலெடுப்பவர் கை தவறுவது போல் அங்கும் பிழை நேரும். பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்கு நன்மை இல்லை, சிலவற்றால் உண்டு. 2021 கோடையில் நம்மை வாட்டிய டெல்டா அவ்வாறு பிறந்ததே. ஒமைக்ரானிலோ, உடலின் உயிரணுவைப் பற்றும் கூர்முனைப் புரதத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள்!

கோவேக்சின், செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்டது. கோமாரி ஊசியின் முறையும் அதுவே. கோவிஷீல்டு, பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரஸின் மூலம் கூர்முனையின் அடையாளத்தை உடலுக்குக் கற்பிப்பது. இரண்டும் 2020 ஆம் ஆண்டின் வைரஸைக் கொண்டு உருவானவை. ஆதலால் முகம் மாறி வந்த ஒமைக்ரானை வாசலில் மறிக்க இயலவில்லை, காய்ச்சல் வந்தது. ஆனால் வீட்டுக்குள் இன்னொரு காவல் உண்டு. நோய் தொற்றிய உயிரணுக்களைத் தேடி அழிக்கும் வெள்ளணுக்கள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. பலருக்கு நோய் முற்றி மூச்சுத் திணறாமல் காத்ததில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

கோவிஷீல்டினால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைந்து தீங்கு நேர்ந்ததும் உண்மை. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்துக்கொண்டது, வைரஸ் மறையவில்லை. இனி எந்த நோய்க்கு ஊசி வந்தாலும், அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது, எத்தனை நாள் தாங்கும் என்று எங்களைக் கேளுங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் தெருக்களில் அந்த மொழிகளிலேயே கேளுங்கள். விடை தெரியாவிடில் மருத்துவரை அழைத்து வருகிறோம்.