முட்டிக்குச் சிறகு முளைத்த கழகம்

(இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏபல் கிவியட் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? நானும் அண்மைக்காலம் வரை கேள்விப்பட்டதில்லை. 1892-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இன்றைய போலந்துப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதப் பெற்றோரின் பிள்ளை. உருவத்தில் சிறியவர். அவர் 1500 மீட்டர் ஓட்டக்காரர்.

ஓடக் கால் இருந்தால் போதாது, சேர்த்துக்கொள்ள ஒரு கழகம் வேண்டும். அந்நாளில் பணக்காரர்களின் கழகங்களில் யூதருக்கும் கறுப்பருக்கும் இடம் கிடைப்பது அரிது. கிவியட்டைச் சேர்த்துக்கொண்டது ஐரிஷ் அமெரிக்கன் அத்லெட்டிக் கழகம். ஐரிஷ் மக்களே அமெரிக்காவில் ஏளனம் சுமந்து வந்தவர்கள்தான். இறுகப் பிடித்த முட்டிக்கு இருபுறமும் சிறகு, இதுதான் அவர்களின் சின்னம். பெயரில்தான் ஐரிஷ், ஆட்களில் எல்லாரும் இருந்தார்கள். 1908 இலண்டன் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியில் இருந்த ஜான் டெய்லர் இந்தக் கழகத்துக்காரர். ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே. பாவம், அதே ஆண்டு டிசம்பரில் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

கிவியட்டுக்கு வருவோம். 1912 மே, ஜூன் மாதங்களில், இரண்டு வாரத்துக்குள் 1500 மீட்டர் உலகச் சாதனையை மூன்று முறை முறியடித்தார். கடைசி நேரம் 3 நிமிடம் 55.8 விநாடி. அனைத்துலகத் தடகளச் சம்மேளனம் இந்தத் தூரத்துக்கு ஏற்றுக்கொண்ட முதல் உலகச் சாதனையே இதுதான். 1917 வரை யாராலும் அசைக்க முடியவில்லை.

பிறகு ஸ்டாக்ஹோம் பயணம். கப்பலில்தான் அவருக்கு 20 வயது நிறைந்தது. அங்கே அவருடைய அறைத்தோழர் யார் தெரியுமா? பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஜிம் தோர்ப்!

ஜூலை 10, இறுதி ஓட்டம். களத்தில் 14 பேர், அதில் பாதிப்பேர் அமெரிக்கர்கள். கடைசிச் சுற்றில் கிவியட், நார்மன் டேபர், ஜான் பால் ஜோன்ஸ் மூவரும் முன்னால். மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கே என்று கூட்டம் நினைத்திருக்கும். பின்னாலிருந்து வெளிப்புறமாக வந்தார் ஆக்ஸ்ஃபர்டு மாணவர் ஆர்னல்ட் ஜாக்சன். 3 நிமிடம் 56.8 விநாடியில் அவர் கோட்டைத் தாண்ட, கிவியட்டும் டேபரும் ஒன்றாக 56.9-இல் முடித்தார்கள். யார் இரண்டாவது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் கிவியட்டுக்கு வெள்ளி கொடுத்தார்கள். உலகச் சாதனை கையில் இருக்க, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கில் போனது தங்கம்! 3000 மீட்டர் குழு ஓட்டத்தில் தங்கம் கிடைத்தது உண்மை. ஆனால் 1500 அவருடைய ஓட்டம்.

அதன் பின்னர் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. சில டாலருக்குப் பேஸ்பால் ஆடினார் என்று 1913-இல் தோர்ப்பின் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கிவியட்டுக்கும் தடை. போட்டிக்குப் போய்வரும் செலவுக்கு அளவுக்கு மேல் பணம் வாங்கினாராம். 'அமெச்சூர்' என்ற அந்த விதி எல்லாருக்கும் பொதுதான். ஆனால் வீட்டில் சொத்து உள்ளவனுக்கு அது விதியாகவே தெரியாது. உழைத்துத் தின்பவன் கழுத்தைத்தான் அது இறுக்கும். ஏழைப் பிள்ளை இரயில் கட்டணத்துக்கு எங்கே போவான்? அதை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கழகமும் முதல் உலகப்போர்க் காலத்தில் கலைந்தது. கிவியட் போருக்குப் போய்த் திரும்பினார், நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். தோர்ப்புக்கு நீதி 1982-இல் வந்தது. அவர் இறந்து 29 ஆண்டு ஆகியிருந்தது. அதுவும் அரை நீதி. பெயரை மீட்டார்கள், ஆனால் இணை வெற்றியாளர் என்றார்கள். தனி வெற்றியாளர் என்று ஒப்புக்கொள்ள 2022 ஆயிற்று. அறைத்தோழர் கிவியட் 1982-ஐக் கண்ணால் பார்த்தார். 1991-இல் தமது 99-ஆவது வயதில் காலமானார்.