ஓரம் அலையடிச்சா ஆல்டர்

போன எபிசோட்ல பின்னாடி "டர்ர்ர்"னு ஒரு சத்தம் வந்துச்சே, அது எங்கம்மாவோட ஓவர்லாக் மெஷின். இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம்.

அக்கா பொண்ணுக்குப் பிறந்தநாள். ஓரம் முழுக்கச் சுருள் சுருளா, கீரை இலை மாதிரி இருக்கிற பனியன் துணி ஃபிராக் வேணும்னு கேட்டா. இங்கிலீஷ்ல இதுக்கு 'லெட்யூஸ் ஹெம்'னு பேரு. அம்மாகிட்ட போட்டோ காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இதுக்குத்தான் கண்ணு அன்னைக்கு எனக்குக் கூலியப் புடிச்சாங்க"ன்னாங்க.

அம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பீஸ் ரேட்டுக்குத் தைச்சவங்க. அவசரத்துல துணியை இழுத்து இழுத்து அடிச்சதுல ஒரு நாள் ஓரமெல்லாம் அலையடிச்சிருச்சு. செக்கிங்ல மொத்தக் கட்டும் திரும்பி வந்துச்சு. ஆல்டர். ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து பிரிச்சுத் தைச்சாங்க, அதுக்குக் காசு கிடையாது.

நம்மளுக்கு இப்போ அந்தத் தப்பு வேணும், ஆனா சொன்ன இடத்துல, சொன்ன அளவுல.

ஓவர்லாக்ல துணியை நகர்த்த முன்பல், பின்பல்னு ரெண்டு செட் உண்டு. ரெண்டோட வேக விகிதத்தை மாத்துறதுதான் டிஃபரென்ஷியல் ஃபீட். 1ல வச்சா ரெண்டும் சமம். 0.7ல வச்சா, பின்பல் பத்து இழுக்கும்போது முன்பல் ஏழுதான் உள்ளே தள்ளும். நடுவுல மாட்டின துணி விரியும். விரிஞ்ச நிலையிலேயே நூல் நெருக்கமா ஏறிடும். வெளியே வந்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரத்துல இருக்கிற நூல் விடாது. இடம் பத்தாத ஓரம் வளைஞ்சு வளைஞ்சு நிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

1970கள்ல இதைப் பிரபலமாக்கினவர் ஸ்டீஃபன் பர்ரோஸ்ங்கிற அமெரிக்க டிசைனர். 1973ல் வெர்சாய் அரண்மனையில நடந்த ஷோவுல கலந்துகிட்ட அஞ்சு அமெரிக்க டிசைனர்கள்ல அவரும் ஒருத்தர். இங்க அதுக்கு ஆல்டர், அங்க அதுக்குக் கைத்தட்டு. சரி, விடுங்க.

வீட்டு மெஷின்ல இடது ஊசியைக் கழட்டிட்டு, மூணு நூல்ல, ரோல்டு ஹெம் செட்டிங். தையல் நீளம் ஒரு மில்லிமீட்டர் பக்கம். மேல் லூப்பர்ல உப்பி நிக்கிற நைலான் நூல் போட்டா ஓரம் நல்லா மூடும். துணி எந்தப் பக்கம் அதிகமா இழுபடுதோ, அந்தப் பக்கமா ஓரம் ஓடணும். கையாலயும் இழுக்கலாம், ஆனா முன்னாடியும் பின்னாடியும் சமமா. நான் பின்னாடி மட்டும் இழுத்தேன், ஊசி உடைஞ்சுது. முதல்ல வெட்டுத் துண்டுல அடிச்சுப் பாருங்க.

அம்மா முதல்ல ஒத்துக்கவே இல்ல. "ஆல்டர் பீஸைப் போயி புள்ளைக்குப் போட்டு விடுவாங்களா?" அப்புறம் அவங்களே உட்கார்ந்தாங்க. கீழ் ஓரமும் கையும் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. நானா இருந்தா ரெண்டு நாள் ஆகியிருக்கும்.

கழுத்தை மட்டும் நேரா அடிச்சு வச்சிருந்தாங்க. ஏம்மான்னு கேட்டேன்.

"ஒரு எடமாச்சும் ஒழுங்கா இருக்கட்டும் கண்ணு."