கொடுத்தது தர்மமா, கடனா?

(2025 ஆகஸ்ட் மாத குடும்பக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற வாரம் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்து கைப்பேசியைக் காட்டினார். "மாலத்தீவுக்கு 4,850 கோடியைத் தூக்கிக் கொடுத்துட்டாங்களாம் அண்ணே. அதனாலதான் பையனுக்கு ஸ்காலர்ஷிப் நின்னுச்சாம். மகளுக்கு மட்டும் மனுப் போட்டு என்ன ஆகப்போகுது?" என்றார். அதே தகவல் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் நமக்கு வந்தது.

விசாரித்தோம். ஜூலையில் பிரதமர் மாலே சென்றபோது அறிவித்த அந்த 4,850 கோடி ரூபாய், கடன் வரம்பு. திருப்பிச் செலுத்த வேண்டிய பணம். தலைப்பில் 'உதவி' என்று வந்தது, கைப்பேசியில் 'தூக்கிக் கொடுத்தது' ஆகிவிட்டது.

சலுகையே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். பழைய கடனின் ஆண்டுத் தவணை சுமார் 40 சதவீதம் குறைக்கப்பட்டது. மாலத்தீவு ராணுவத்துக்கு 72 வாகனங்கள் ஒப்படைக்கப்பட்டன. 2025-26 பட்ஜெட்டில் அந்நாட்டுக்கான உதவி 600 கோடி. ஆனால் மொத்த பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கும் மேல். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒன்றேகால் ரூபாய்கூட வராது.

நம் அறக்கட்டளை ஏட்டில் ஜகாத், ஸதகா ஒரு பக்கம். திரும்பி வரவேண்டிய கடன் மறுபக்கம். அரசுக் கணக்கும் அப்படித்தான். 2023இல் வியட்நாமுக்குக் கொடுத்த கிர்பான் போர்க்கப்பல் அன்பளிப்பு. 2022இல் பிலிப்பைன்ஸுடன் ஒப்பந்தமான பிரம்மோஸ் ஏவுகணை விற்பனை. பணம் நமக்கு வருகிறது. போடி ஏல மையத்தில் உச்ச விலையை மட்டும் கேட்டு எந்த விவசாயியும் கணக்குப் போடுவதில்லை; சராசரி விலை என்ன என்று கேட்கிறார். செய்தியிலும் அந்தக் கேள்வி வேண்டும்.

ஸ்காலர்ஷிப் விஷயத்துக்கு வருவோம். 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான சிறுபான்மையினர் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இலேயே நிறுத்திவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம். மாலத்தீவுக் கடன் வந்தது மூன்று ஆண்டு கழித்து. நிறுத்தியது சரி என்று நாம் சொல்லவில்லை. கட்டணம் இல்லாவிட்டாலும் நோட்டு, பை, பஸ் செலவுக்கு ஏழைத் தாய் எங்கே போவாள்? அதை நம் எம்.பி.யிடம் கேட்க வேண்டும். மாலத்தீவின் மேல் கோபப்பட்டால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் போய்விடுவோம்.

அந்தத் தாயாரின் மகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு உரியவள். அது மாநில அரசின் பணம். ஒரு பொய்த் தகவலால் அதை இழக்கப் பார்த்தாள். மறுநாளே கல்லூரியில் மனுக் கொடுக்க வைத்தோம்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. தொகையைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: அன்பளிப்பா, கடனா, விற்பனையா? எந்த அரசு, எந்த ஆண்டு? மொத்தத்தில் எவ்வளவு? விடை தெரியும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.