நாமகரணமும் கம்ப்யூட்டரும்

(நமது சங்கத்தின் மாட்டுங்கா உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் உலகத்தில் என்ன நடக்கிறது என்று ஏதாவது பேசுங்கள் என்றார் காரியதரிசி. செயற்கை நுண்ணறிவைப் பற்றி நான் பேசுவேன் என்று அவருக்கு ஆசை. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கவிதை எழுதுகிறது, படம் போடுகிறது, எக்ஸ்ரே பார்த்து வியாதி சொல்கிறது. எல்லாம் சரி. ஆனால் "உங்கள் பெயர் என்ன?" என்று நம்மவர்களை ஒழுங்காகக் கேட்க மட்டும் அதற்கு இன்னும் வரவில்லை. நான் துளையிட்ட அட்டை காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால் உரிமையோடு இதைப் பற்றியே பேசுகிறேன்.

பர்ஸில் பான் கார்டு வைத்திருப்பவர்கள் எடுங்கள். மொத்தம் பத்து எழுத்து. நாலாவது எழுத்து 'பி' என்று இருக்கும். நீங்கள் கம்பெனி இல்லை, மனுஷர்தான் என்று வருமான வரி இலாகா ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். அடுத்தது ஐந்தாவது எழுத்து. அதுதான் உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து என்று இலாகா நினைத்துக்கொண்டிருப்பது.

(சபையில் சலசலப்பு.)

பாருங்கள்! ஒருவருக்கு அப்பா பெயர், ஒருவருக்குத் தன் பெயரே, ஒருவருக்கு ஐயருக்கு உரிய 'ஐ'. அந்த மாமிக்கு மாமா பெயர். ஒரே வீட்டில் நாலு பேர், நாலு எழுத்து. கம்ப்யூட்டர் பார்வையில் ஒரே கூரையின் கீழ் நாலு சம்பந்தமில்லாத ஆசாமிகள்.

உதாரணத்துக்குக் கிருஷ்ணன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா ராமநாதன். ஊரில் அவர் ஆர். கிருஷ்ணன். பாரம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுது என்கிறது. விரித்தால் கிருஷ்ணன் ராமநாதன். இப்போது மிஸ்டர் ராமநாதன் ஆகிவிட்டார். அவர் மனைவி லட்சுமி கிருஷ்ணன், ஆகவே மிஸஸ் கிருஷ்ணன். அமெரிக்காவில் பிள்ளையைப் பார்க்கப் போய் இறங்கினால், மிஸ்டர் ராமநாதனோடு ஒரு மிஸஸ் கிருஷ்ணன் வந்து நிற்கிறாள். குடியேற்ற அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்க்காமல் என்ன செய்வார்?

நம் முறை அப்படி ஒன்றும் கோணலானது அல்ல. ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர், தன் பெயர் என்று வரிசையாக வரும். வாக்காளர் அடையாள அட்டையை நமக்கு வாங்கிக் கொடுத்த டி.என். சேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்லாய் நாராயண ஐயர் சேஷன். பாலக்காட்டுத் திருநெல்லாய் ஊர், நாராயண ஐயர் அப்பா. எம்.எஸ். சுவாமிநாதன் என்றால் மங்கொம்பு சாம்பசிவன் சுவாமிநாதன். இரண்டே எழுத்தில் ஊரும் குலமும் தெரிந்துவிடுகிறது. இன்னும் சொல்லப்போனால் அபிவாதயே சொல்வது என்ன? ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், வேதம், கடைசியில் நாமா. எதிரே நிற்கும் பெரியவருக்கு ஐந்து கட்டத்தையும் வாயாலேயே பூர்த்தி செய்து கொடுக்கிறோம். அதில் 'சர்நேம்' என்று ஒரு கட்டமே கிடையாது.

கம்ப்யூட்டரே நம் கட்சிதான். நம் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி, 1960ல் இயக்கத்துக்கு வந்த இயந்திரத்துக்கு 1962ல் நேரு பெயர் சூட்டினார். டிஃப்ராக். பிறந்து இரண்டு வருஷம் கழித்து நாமகரணம். புண்யாஹவாசனம் நடந்ததாகத் தகவல் இல்லை. அந்தப் பெயர் முழுக்க முழுக்க இனிஷியல். அதைக் கட்டிய குழுவின் தலைவரும் ஆர். நரசிம்மன் என்றே அறியப்பட்டவர்.

பிறகு எங்கே இடறியது? தமிழ்நாட்டில் 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். நம்மவர்களிலும் அநேகர் காலப்போக்கில் விட்டுவிட்டார்கள். ஆனால் தாதர் எக்ஸ்பிரஸில் ஏறி இங்கே வந்து இறங்கினால், பள்ளிக்கூடத்து கிளார்க் கேட்ட முதல் கேள்வி "ஆட்நாவ் காய்?" மராத்தியில் குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். பையன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்பது இந்த ஊர் வழக்கம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவசரத்துக்கு ஒருவர் ஐயர் என்றார், ஒருவர் ஊர்ப் பெயரைச் சொன்னார், ஒருவர் தன் பெயரையே சொன்னார். தஞ்சாவூரில் படித்த அண்ணா எஸ். ராஜாராமன், மாட்டுங்காவில் படித்த தம்பி வெங்கடேஷ் ஐயர். கூடப்பிறந்தவர்கள் என்று இன்றைக்கு யாராவது நிரூபிக்கட்டும், பார்க்கலாம்.

அடுத்தது ஸ்பெல்லிங். சுப்ரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள். நடுவில் 'எச்' போடலாம், போடாமலும் விடலாம். 'ஐ' எழுதலாம், 'ஒய்' எழுதலாம். முடிவில் 'என்', அல்லது 'எம்'. இரண்டை இரண்டால் பெருக்கி மறுபடி இரண்டால் பெருக்குங்கள். எட்டு சுப்ரமணியன்கள்! நியூமராலஜிக்காரரிடம் போய் இன்னொரு 'ஏ' சேர்த்துக்கொண்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. 1918லேயே அமெரிக்காவில் சவுண்டெக்ஸ் என்று ஒரு முறைக்குப் பேடண்ட் கொடுத்தார்கள். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துக்களைத் தள்ளி, ஒலி ஒத்த மெய்யெழுத்துக்களுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பது. எட்டு சுப்ரமணியன்களையும் அதில் போட்டுப் பார்த்தேன். எட்டு பேருக்கும் எஸ்165 என்றே விடை வருகிறது. நம் ஊர் லக்ஷ்மியும், நடுவில் 'எக்ஸ்' போட்டு எழுதும் மராத்திக்கார லக்ஷ்மியும் எல்250. நூறு வருஷத்துக்கு முந்தைய யுக்தி, காகிதமும் பென்சிலும் போதும். ஆனால் அதுவும் ஓரிடத்தில் கவிழ்ந்துவிட்டது. 'ஐ'யில் தொடங்கும் ஐயர் ஐ600, 'ஏ'யில் தொடங்கும் ஐயர் ஏ600. ஐயர் என்று வந்தாலே ஒருமித்த கருத்து ஏற்படாது என்று அதற்கும் தெரிந்திருக்கிறது!

நம் அலுவலகங்களின் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இந்தச் சலுகை கூடக் கிடையாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவுதான். அதற்கு இடைவெளியும் ஓர் எழுத்து, எண் 32. புள்ளியும் ஓர் எழுத்து, எண் 46. புள்ளி வைத்த எஸ். மணி வேறு, வைக்காத எஸ் மணி வேறு. நம்மில் ஒருவர் ரேழியில் நின்று "மணி இருக்கானா?" என்று கேட்டால் போதும், எந்த மணி என்று வீட்டில் தெரியும். கம்ப்யூட்டருக்கு ரேழி கிடையாது.

சிரித்தது போதும். இங்கிருந்து ஒரு மைல் தள்ளி தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, மூன்று நாலு தலைமுறையாக அங்கே குடியிருக்கும் தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் தமிழிலிருந்து மராத்தி ரேஷன் கார்டுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. தமிழில் 'ப'வுக்கும் 'பாலு'வின் 'பா'வுக்கும் ஒரே எழுத்து. மராத்தியில் 'ழ' இல்லை. ஒவ்வொரு மொழியைத் தாண்டும்போதும் ஓர் எழுத்து உதிர்ந்துவிடும், அல்லது ஒட்டிக்கொள்ளும். 2024 மார்ச்சில் புனரமைப்புத் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காகிதத்தில் காட்டினால்தான் அங்கேயே இலவச வீடு. பழைய காகிதத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றிருந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். நமக்கு ஃபிக்ஸட் டெபாசிட், அவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை.

நம் டெபாசிட் கதைக்கு வருகிறேன். செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி. மாமா காலமாகி விட்டார். பள்ளிச் சான்றிதழிலும் பான் கார்டிலும் வெங்கடசுப்ரமணியன். ஒரு வங்கியில் கணக்கு ஆரம்பித்தபோது, ஆபீஸிலும் தெருவிலும் எல்லோரும் கூப்பிடும்படி கே.வி. மணி. நாமினியாக மாமியின் பெயரை 'எக்ஸ்' போட்ட லக்ஷ்மி என்று அங்கே யாரோ எழுதிவிட்டார்கள். ஆதாரில் 'கே எஸ் எச்'. பணம் கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. கடைசியில் கேட்டது ஒரு பிரமாணப் பத்திரம்: இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று. ஜீவாத்மாவும் பரமாத்மாவும் ஒன்று என்று ஸ்தாபிக்க ஆதிசங்கரருக்கு பாஷ்யம் போதுமாயிருந்தது. மணியும் வெங்கடசுப்ரமணியனும் ஒன்று என்பதற்கு நோட்டரி வேண்டியிருக்கிறது. அன்றைக்கு மாமியுடன் நானும் போயிருந்தேன். நாற்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவள், தன் அகத்துக்காரர் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதை அவர் இருக்கும்போதே கேட்டிருந்தா, அவரே வந்து சொல்லியிருப்பாரே" என்றாள்.

பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் முடிவில் அதில் 78,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. எல்லாமே பெயர்க் குழப்பத்தால் வந்தது என்று சொல்லமாட்டேன். மறந்தவர்கள், மறைத்தவர்கள், பிள்ளைகளிடம் சொல்லாமலே போனவர்கள் என்று பல ரகம். தேடுவதற்கு 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற தளத்தைத் திறந்தார்கள். அங்கேயும் முதலில் கேட்பது பெயர்தான். உங்கள் தகப்பனார் பெயரை எட்டு விதத்திலும் அடித்துப் பாருங்கள்.

இதெல்லாம் நம் வீட்டுத் தொல்லை மட்டும் அல்ல. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அடுத்த சில நாட்களில், இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கிவந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை அதற்கு முன் யார் திருப்பிப் பார்த்தார்கள்?

பாரம் தயாரிப்பவர்களால் முடியாதா என்றால், தாராளமாக முடியும். சதுரங்கத்தைப் பாருங்கள். விஸ்வநாதன் ஆனந்தில் விஸ்வநாதன் அவருடைய அப்பா. அதைச் சுருக்கி 'விஷி' என்று உலகமே அவரைக் கூப்பிட்டது. பிள்ளையை அப்பா பெயரால் செல்லமாக அழைத்த ஒரே விளையாட்டு அதுவாகத்தான் இருக்கும். பிரக்ஞானந்தா காலத்துக்கு வந்தால், உலகச் சதுரங்க சம்மேளனத்தின் பட்டியலில் பெயர் முதலில், பின்னால் 'ஆர்' என்று தனியே ஓர் இனிஷியல். அப்படியே அச்சாகிறது, ஆட்டம் ஒன்றும் நின்றுவிடவில்லை. நம் ஆதாரிலும் பெயருக்கு ஒரே கட்டம்தான். யோசித்துச் செய்திருக்கிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். சிக்கல் எங்கே என்றால், ஒரு கட்ட ஆதாரை மூன்று கட்ட பானோடு கோர்க்கும்போது. 2023 ஜூன் 30 கெடு தாண்டியும் கோர்க்காத பான்கள் செயலிழந்தன. வட்டியில் கூடுதலாக வரி பிடித்தார்கள். எண்பது வயதானவர்களுக்கு விலக்கு உண்டு. எழுபத்தொன்பது வயதுக்காரர்கள் ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. பெயரைத் திருத்திக் கோர்த்துவிடலாம்.

சின்னக் குழந்தைகளுக்கு வேறு கணக்கு. மஹாராஷ்டிரத்தில் 2024 மே 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசு ஆவணங்களில் குழந்தை பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று நாலு பாகம். அம்மா பெயர் வந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். பேத்தி பிறந்திருக்கும் வீட்டில் பதினோராம் நாள் நெல்லில் பெயர் எழுதும்போதே, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கையும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

பெரியவர்களுக்கு என் யோசனை இதுதான். பாஸ்போர்ட்டோ பானோ, ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒத்து வரும்படி மாற்றுங்கள். வங்கியில் நாமினி பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். 2025 நவம்பரிலிருந்து நாலு நாமினி வரை போடலாம். இரண்டு பெயரில் வாழ்ந்தவர்கள், அந்தப் பிரமாணப் பத்திரத்தைத் தாங்களே இப்போதே எழுதி வைக்கலாம். மாமி சொன்னது அதைத்தான்.

காபிக்குப் பிறகு, நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். பான், ஆதார், பாஸ் புக் மூன்றையும் கொண்டுபோனால் எங்கே எழுத்து இடிக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். பார்ப்பது மட்டும்தான், காகிதம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். யாராவது ஓடிபி கேட்டால் எழுந்து கீழே வந்துவிடுங்கள், அது என் பிள்ளையாகவே இருந்தாலும் சரி. தனியாக இருக்கும் மாமிகள் முதலில் போகட்டும். நமஸ்காரம்.