குடியாதவரின் கல்லீரல்



ஒருவருக்குக் கல்லீரல் கெட்டது என்று கேள்வியுற்றால், "அவர் குடிப்பாரோ?" என்று வினவுவது நம்மவர் வழக்கம். இந்த ஐயம் எத்துணைக் கேடு விளைவிக்கும் என்பதை எங்கள் அலுவலகத்திலேயே கண்டோம். தில்லியில் ஒரே பிரிவில் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் அறுவர், சென்ற ஆண்டு ஒன்றாக மருத்துவச் சோதனைக்குச் சென்றோம். எங்களுள் மூவருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கேன் படம் காட்டிற்று. மூவரும் மதுவை முகர்ந்தும் அறியாதவர்கள். அவருள் ஒருவர், மனைவி தவறாக எண்ணக்கூடுமே என்றஞ்சி, அந்தத் தாளை நான்கு மாதங்கள் அலுவலக மேசையறையில் பூட்டி வைத்திருந்தார். மருத்துவரிடமும் மீண்டும் செல்லவில்லை.

மது கல்லீரலுக்குப் பகை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எங்கள் மூவர் திறத்தில் குற்றவாளி அதுவன்று, அன்றாடப் பழக்கமே. ஊரில் இருந்தபொழுது சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தோம். இங்கோ காலை முதல் மாலை வரை நாற்காலி. குளிர்காலம் வந்துவிட்டால் மாலை உலாவும் நின்றுபோகிறது. காலையில் இட்டலி, பதினொரு மணிக்குச் சர்க்கரை மிகுந்த தேநீரும் சமோசாவும், பகலில் சோற்றின்மேல் சோறு, மாலையில் ஜிலேபி. பிறந்த ஊர் உணவையும் விட்டோமில்லை. வந்த ஊர் உணவையும் விட்டோமில்லை! செலவாகாத மாவையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. இடை பெருத்தோர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் இது எளிதில் நேரும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு நெடுங்காலம் வலி காட்டாது. ஆண்டுகள் பல சென்றபின் சிலருக்குத் தழும்பேறிச் சுருங்கிவிடுகிறது. தொடக்கத்திலேயே அறிந்து, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், படிந்த கொழுப்பு பெரிதும் கரைந்துவிடும்.

இனி, நாம் பருகும் நீர். 1955-ஆம் ஆண்டின் இறுதியில், வெள்ளத்திற்குப் பின் யமுனையின் போக்கு மாறியதால், நஜஃப்கர் வடிகாலின் கழிவு வஜீராபாத் நீரேற்று நிலையத்தினுள் புகுந்தது. அடுத்த சில வாரங்களில் தில்லியில் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். கருவுற்ற மகளிருக்கு அது மிகக் கடுமையாக வந்தது. அதற்குக் காரணமானது இன்று ஹெபடைடிஸ் இ என்று நாம் அறியும் நுண்கிருமி. அன்று அதற்குப் பெயரே இல்லை. அக்கிருமி இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. மணமாகி இங்கு வந்து, தாய்மையுற்றிருக்கும் இளம்பெண் இல்லத்தில் இருப்பின், கொதித்து ஆறிய நீரன்றி வேறு நீர் அவருக்குத் தரலாகாது. கோடையில் தள்ளுவண்டிப் பனிக்கட்டியிட்ட சாறும் வேண்டாம்.

காமாலை கண்டதும் ஊரிலிருந்து கீழாநெல்லி வருவிக்கும் இல்லங்கள் உண்டு. நீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிவதாகையால், எம்மருந்தை உண்டாலும் அதற்கே புகழ் சேர்ந்துவிடுகிறது! ஆனால் நோயாளி ஓயாது உறங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்க. காய்ச்சலுக்கு நாமே வாங்கி விழுங்கும் பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலை அழிக்கவல்லது. சளி மாத்திரைகள் பலவற்றில் அதே மருந்து கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்போர் அறியாமலே அளவைக் கடக்கின்றனர்.

பூட்டிய தாளை எங்கள் நண்பர் ஒருவாறு துணிந்து மனைவியிடம் காட்டினார். அவ்வம்மையார் மதுவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அலுவலகத்தில் நாளொன்றுக்கு எத்தனை சமோசா?" என்றுதான் கேட்டாராம்.