பெட்டிக்குள் என்ன வைக்கிறது?

(பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தோட்டக் கமிட்டி கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். இன்னும் உலை வைக்காத வீடுகளும் இருக்கும். ஆகவே மாலை, பொன்னாடை ஒன்றும் வேண்டாமென்று கமிட்டியிடம் சொல்லிவிட்டோம். நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

பெறுபேறு வந்த நாள்முதல் பெற்றோர் எங்களைப் பாதையில் மறித்துக் கேட்பது ஒரே கேள்விதான். "பிள்ளைக்கு என்னென்ன சாமான் வாங்கிக் குடுக்கணும் டீச்சர்?" நியாயமான கேள்வி. பல லயங்களில் இருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை கெம்பஸ் போகிறது. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால் அங்கே போய் வந்தவர் யாருமில்லை. அதனால் டவுனில் கடைக்காரர் சொல்வதே பட்டியலாகிவிடுகிறது. சில்லு வைத்த பெரிய பெட்டி, மெத்தை, புதுப் போன், லெப்டொப், ஆறு ஜோடி உடுப்பு, இரண்டு ஜோடி சப்பாத்து. கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். உடனே கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக் கடனுக்குக் கையெழுத்து வைக்கிறோம். இல்லாவிட்டால் காதில் கிடக்கிற தோடு அடகுக்குப் போகிறது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடன் வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். படிப்பு மூன்று வருடமோ நாலு வருடமோ ஓடும். முதல் கிழமையிலேயே வீட்டைக் கடனில் தள்ளிவிட்டால், இரண்டாம் வருடம் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு அனுப்பக் கையில் ஒன்றும் இருக்காது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களில் யாரும் மூளை குறைந்து போனவர்கள் இல்லை. மாதச் செலவுக்கு வழி இல்லாமல் போனவர்கள்.

பெட்டிக்குள் முதலில் போக வேண்டியது கடுதாசி. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், வைத்தியப் பரிசோதனைப் படிவம், போட்டோ. இவை பொதுவாகக் கேட்பவை. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பல்கலைக்கழகம் அனுப்புகிற அறிவித்தலில் என்ன இருக்கிறதோ அதையே பாருங்கள்.

நம் ஆட்களின் கடுதாசியில் என்ன கோளாறு வருமென்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்லம்மாள், சேமலாப நிதியில் இன்னொரு எழுத்து. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னுக்கு, இன்னொன்றில் பின்னுக்கு. பதிந்தவர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதியிருப்பார். அதைத் திரும்பத் தமிழில் எழுதும்போது ஆளே மாறிப்போயிருக்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003இல் வந்த சட்டம்தான் முடிவு கட்டியது. கடுதாசி இல்லாவிட்டால் என்ன நடக்குமென்று இந்த மலைநாட்டில் யாருக்கும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் கடைசி நாள்வரை பார்க்காமல் இருக்கிறோம். இன்று இரவே எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்பி வையுங்கள். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். பெரிய பிழை என்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பகுதிக்குப் போக வேண்டும். அதற்கு நாள் எடுக்கும். இப்போதே தொடங்கினால்தான் முடியும்.

மூலப் பத்திரங்களை ஒருவர் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம். கொடுப்பது பிரதி. இரண்டு கட்டுப் பிரதி எடுத்து ஒரு கட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். மற்றது வீட்டில் இருக்கட்டும். போனில் படமும் எடுத்து வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேசத் தொடங்கினால் விடிந்துவிடும். ஆகவே இதை மட்டும் சொல்கிறோம்: பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூடியுள்ள டின்னுக்குள் வையுங்கள்.

இன்னொன்று போன் நம்பர். விண்ணப்பத்தில் எழுதிய நம்பருக்குத்தான் தகவல் வரும். புதுப் போன் வாங்குகிற ஆசையில் புது சிம் போட்டுக்கொண்டு பழையதை எறிந்துவிடாதீர்கள். நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். ஏனென்றால் நம் வீடுகள் பலவற்றுக்கு இன்னும் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது மனம் வைத்தால்தான் லயத்துக்கு வரும். கடைசித் திகதி முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கடிதங்களை நாங்கள் எண்ணிச் சொல்லலாம். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். தனி விலாசம் கேட்பது சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அது கிடைக்கும்வரை வீட்டில் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை ஆபீசில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இனி காசு. மகாபொல புலமைப்பரிசில் கடன் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்ட பெற்றோர் இருக்கிறார்கள். அது கடன் இல்லை. திருப்பிக் கட்டத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நிதியத்திலிருந்து வருவது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயாக இருந்தது 7,500 ஆக்கப்பட்டது. மகாபொல கிடைக்காத பிள்ளைக்குப் பர்சரி உண்டு. அது 4,000இலிருந்து 6,500 ஆனது. இரண்டுக்கும் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டுகளைக் கிழித்து அடுப்புப் பற்ற வைக்காமல் எடுத்து வையுங்கள். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி வேண்டும். வீட்டில் படிக்கிற மற்றப் பிள்ளைகளின் விபரமும் எழுதுங்கள். வருமானம் குறைவென்று எழுத வெட்கப்படுகிற தகப்பன்மாரையும் பார்த்திருக்கிறோம். சம்பளம் குறைவாக இருப்பது கொடுப்பவர் வெட்கப்பட வேண்டிய விஷயம், அண்ணே. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

ஆனால் இந்தக் காசை நம்பி மட்டும் பிள்ளையை அனுப்ப முடியாது. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி கணக்குப் போட்டால், அந்த 7,500 ரூபாய் ஆறு நாள் பேருக்கும் குறைவாகவே இருந்தது. போதாததற்கு முதல் கொடுப்பனவு வந்து சேர மாதங்கள் ஆகும். வகுப்பு தொடங்கி, பரீட்சையும் நெருங்கி வருகிற நேரத்தில்தான் வரும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை ஒருவேளை சாப்பாட்டை விட ஆரம்பிக்கிறது. வீட்டுக்குச் சொல்லவும் மாட்டாது. ஆகவே புதுப் பெட்டிக்கும் புதுப் போனுக்கும் ஒதுக்கிய காசைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டு, முதல் மூன்று நாலு மாதத்துக்கென்று வையுங்கள். 10ஆம் திகதி சம்பளம் எடுத்ததும் எவ்வளவு அனுப்ப முடியுமென்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, கூட்டிச் சொல்லாமல் முடிந்த தொகையைச் சொல்லுங்கள். அது சின்னத் தொகையாக இருந்தாலும் மாதாமாதம் தவறாமல் போனால் பிள்ளை அதற்கேற்பத் திட்டம் போடும்.

சேமலாப நிதியைப் பற்றியும் கேட்கிறீர்கள். வேலையில் இருக்கும்போதே 30 சதவீதம் எடுக்கிற வசதி வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும் மட்டும்தான். படிப்புக்குக் கிடையாது. எடுத்துத் தருகிறோமென்று யாராவது வந்து கமிசன் கேட்டால், அவரைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள். நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இப்போது சாமான். இதற்குத்தானே வந்தீர்கள்.

நாம் குளிரில் வாழ்கிறவர்கள். நம் பிள்ளைகள் பலர் போகிற இடம் அப்படியல்ல. யாழ்ப்பாணத்திலும் ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் பெட்டியை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். மெல்லிய பருத்தி உடுப்பு, மெல்லிய பெட்ஷீட் இரண்டு, அவற்றோடு கட்டாயம் நுளம்பு வலை. டெங்கு என்பது கேலி இல்லை. பெலிஹுலோயாவுக்குச் சப்ரகமுவ போகிற பிள்ளைக்கு ஸ்வெட்டரும் இருக்கட்டும், அங்கே காற்று பலம். பேராதனைக்குக் குடை போதும். விடுதிகளில் பெரும்பாலும் கட்டிலும் மெத்தையும் இருக்கும். ஆகவே அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றிடம் போனில் கேட்காமல் மெத்தை வாங்காதீர்கள். வாளியும் கோப்பையும் போகிற இடத்திலேயே கிடைக்கும். பஸ்ஸில் மூன்று இடத்தில் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போவானேன்?

நல்ல பூட்டு ஒன்று வேண்டும், அலுமாரிக்கு. டோர்ச் லைட், ஊசி நூல், பரசிட்டமோல், ஜீவனி பக்கெட் இரண்டு. பெண் பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கான நெப்கின். இதை அம்மாமார் கேட்காமலே வாங்கி வைத்துவிட வேண்டும். உடுப்பு ஆறு ஜோடி வேண்டாம். முதல் மாதங்களில் என்ன உடுத்துவதென்று சிரேஷ்ட மாணவர்கள் கட்டளை போடுகிற பீடங்கள் இன்னும் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு முதல் விடுமுறைக்கு வரும்போது வாங்கலாம். லெப்டொப்பும் அப்படித்தான். எந்தப் பாடத்துக்கு எது தேவையென்று போன பிறகே தெரியும். அதுவரை பீடத்துக் கணினிக் கூடமும் நூலகமும் இருக்கின்றன. பெட்டி பழசாக இருந்தால் என்ன, சிப் வேலை செய்தால் சரி.

முதல் நாளுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுப்பீர்கள், அதைச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே தோட்டத்தில் நமக்குக் கொடுக்கிற தேயிலைத் தூளில் ஒரு பக்கெட் வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் சிலர் அங்கே போய், வீடு எங்கே என்று கேட்டால் "ஹட்டன் டவுன்", "நுவரெலியா டவுன்" என்று சொல்லிவிடுகிறார்கள். தோட்டம், லயம் என்ற சொல் வாயில் வராது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. கேட்கிறவர் முகத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கும். ஆனால் டவுன் என்று சொன்ன பிறகு கூட்டாளியை வீட்டுக்கு அழைக்க முடியாது, காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. நாலு வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது பெரிய பாரம். முதல் கிழமையிலேயே அறையில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, இது எங்கள் அம்மா பறித்த கொழுந்து என்று சொல்லிவிட்டால் அந்தப் பாரம் கழிந்துவிடும்.

பகிடிவதையைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். அடிப்பது மட்டுமல்ல, பயமுறுத்துவது, அவமானப்படுத்துவது, அறையில் அடைத்து வைப்பது எல்லாம் அதற்குள் வரும். மாணவர் ஆலோசகரிடமும் விடுதிப் பொறுப்பாளரிடமும் சொல்லலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். முதல் மாதத்திலேயே பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றால், "இவ்வளவு செலவழிச்சு அனுப்பினோமே" என்று ஏசாதீர்கள். சாப்பிடக் கொடுங்கள். தூங்கட்டும். மறுநாள் காலையில் தலைவருக்கோ எங்களுக்கோ ஒரு போன் எடுங்கள். தனியாகத் திரும்பி அனுப்பாதீர்கள், ஒருவர் கூடப் போவோம். இதற்காக ஒரு நாள் பேர் போனால் அதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளுமென்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

அந்த நம்பர்களையெல்லாம் போனில் மட்டும் வைக்காமல் சின்னக் கொப்பி ஒன்றில் எழுதிக் கொடுங்கள். வீடு, தலைவர், சங்கக் காரியாலயம், வகுப்பு ஆசிரியர். போன் தொலைந்தால் பிள்ளை அநாதையாக நிற்கக் கூடாது. வந்தாறுமூலைக்குப் போகிறவர்கள் பதுளையிலிருந்து செங்கலடிக்குப் போகிற பாதையைப் பிடித்தால் கண்டி சுற்றத் தேவையில்லை என்பதையும் அந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

வருகிற ஞாயிறு காலை 9 மணிக்குப் பாடசாலையில் மறுபடி கூடுவோம். பேராதனையிலும் வந்தாறுமூலையிலும் படிக்கிற நம் பிள்ளைகள் இருவர் வருகிறார்கள். விடுதி, சாப்பாடு, விரிவுரை பற்றி நாங்கள் சொல்வதைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் விரிவுரை என்றதும் பயப்படுகிற பிள்ளைகள் அவர்களைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். வரும்போது எல்லாக் கடுதாசியையும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கொண்டுவர வேண்டும். படிவம் நிரப்ப நாங்கள் இருப்போம். சத்தியக் கடதாசிக்குச் சமாதான நீதவான் ஒருவரும் வருகிறார், காசு வாங்க மாட்டார். பாடசாலை போட்டோகொப்பி மெசின் கரண்ட் இருந்தால் வேலை செய்யும். அதற்கான தாள் கட்டைக் கமிட்டி வாங்கித் தருவதாகத் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்வது அவர் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.